இடப்பக்கம் பாக்காதவன்

முதலிலயே சொல்லிப்போடுறன், நான் ஒரு பயந்தாங்கொள்ளி. நூற்றிப் பதினெட்டுக் கிலோ, ஆறடி ரெண்டங்குலம், பழைய வீடுகளின்ர கதவால போகேக்க குனிஞ்சுதான் போறனான். ஆளைப் பாத்தால் ஒருதரும் நம்ப மாட்டினம். பல்லுப் பிடுங்கப் போறதெண்டாலும் மனுசியைக் கூட்டிக்கொண்டு போற ஆள். ஆனால் நான் சொல்ல வந்தது வேற ஒரு பயம். ஒருத்தன் தன்ர முதுகை முழுசா உங்களிட்டத் தந்துபோட்டு, நீங்கள் அதில நிக்கிறீங்களோ, தடக்கி விழுந்து கிடக்கிறீங்களோ எண்டு ஒருக்காலும் திரும்பிப் பாக்காமல் இருந்தால் ஒரு பயம் வரும். அவனை நினைக்கேக்க எனக்கு முதல் வாறது அந்தப் பயம்தான்.

பெயர் சொல்ல மாட்டன். அவன் இப்பவும் சுவிஸில, வில் எண்ட ஊரிலதான் இருக்கிறான், தாய் இப்பவும் ஞாயிற்றுக்கிழமைப் பூசைக்குப் போறா, சனம் கதைக்கும். அவன்ர சட்டையில ஏழாம் நம்பர் இருந்தது. அது போதும்.

நாங்கள் விளையாடினது அமெரிக்கன் ஃபுட்போல். சுவிஸில அப்பிடியொண்டு இருக்குதோ எண்டு கேக்காதேங்கோ, இருக்குது. சனி ஞாயிறில, மாட்டுச் சாணி மணக்கிற மைதானங்களில, நாப்பது அம்பது பேர் ஹெல்மெட்டும் தோள்கவசமும் போட்டுக்கொண்டு முட்டுப்படுவாங்கள். பாக்கிறதுக்கு அவங்கட வீட்டுக்காரரும் நாயளும் வந்து நிக்கும். எங்கட ஆக்களுக்கு இதை விளங்கப்படுத்திறது பெரிய கரைச்சல். "தம்பி பந்தடிக்கப் போறீராம், எத்தினை கோல்?" எண்டு கேப்பினம். இதில பந்தைக் கையால எறியிறதுதான் கூட. அதுவும் எறியிறவன் ஒருத்தன்தான், அவனைக் குவாட்டர்பேக் எண்டு சொல்லுவினம். அவன் பந்தை வாங்கி, நாலடி பின்னுக்கு வந்து, தூரத்தில ஓடுற தன்ர ஆளைப் பாத்து எறியவேணும். அவன் எறிய முன்னம் அவனை விழுத்திறதுக்கு எதிர்ப்பக்கத்திலயிருந்து நாம்பன் மாடு மாதிரி நாலைஞ்சு பேர் ஓடி வருவாங்கள். அவங்களை மறிக்கிறது என்ர வேலை. அவன் வலக்கைக்காரன். எறியேக்க உடம்பு வலப்பக்கம் திரும்பி நிக்கும், இடப்பக்கத்தால வாறவன் கண்ணில படமாட்டான். அந்த இடப்பக்கத்தில நான் நிண்டன்.

மற்றக் கிளப்புகளின்ர குவாட்டர்பேக்மார் எல்லாரும் இடப்பக்கம் ஒருக்காக் கள்ளப் பார்வை பாப்பாங்கள். மனுசன் எண்டால் பாக்கத்தானே செய்வான், நூறு கிலோ ஓடி வருகுதெல்லோ. இவன் பாக்கிறேல்லை. ஒருநாள் எங்கட ட்ரெய்னர், அவர் சுவிஸ்காரன், இவனைக் கேட்டார், "ஏன் நீ ஒருக்காலும் இடப்பக்கம் பாக்கிறாயில்லை?"

"அதில அண்ணை நிக்கிறார்" எண்டான்.

மற்றதெல்லாம் டொச்சில, அதுதான் ஜெர்மன் மொழியில, சொன்னவன், அண்ணை எண்டதை மட்டும் தமிழில சொன்னான். அண்டையிலயிருந்து கிளப்பில எல்லாரும் என்னை அண்ணை எண்டுதான் கூப்பிட்டாங்கள், என்னைவிட இருபது வயசு மூத்த ட்ரெய்னர் உட்பட. எல்லாருக்கும் பகிடி. எனக்கு அது பகிடியாத் தெரியேல்லை.

ஏனெண்டால் நான் அவ்வளவு கெட்டிக்காரன் இல்லை. உடம்பு இருக்குது, கால் பிந்தும். எத்தினை தரம் ஆளைத் தவற விட்டிருக்கிறன் எண்டு எனக்குத்தான் தெரியும். ஆனால் முதல் மூண்டு வருசம் அவனுக்கு ஒண்டும் நடக்கேல்லை. நான் விட்ட ஆள் முதுகுக்குக் கிட்ட வர, அவன் பாக்காமலே அரையடி முன்னுக்குக் கால் வைப்பான். வாறவன் காத்தைக் கட்டிப்பிடிச்சுக்கொண்டு விழுவான். எப்பிடியடா தெரிஞ்சது எண்டு கேட்டால், "சத்தம் கேட்டுது" எண்டுவான். அம்பது பேர் கத்திற இடத்தில என்ன சத்தம் கேக்கும், சொல்லுங்கோ!

அவனைக் கூட்டிக்கொண்டு போனதும் நான்தான். எனக்கு அப்ப இருபத்திரண்டு, அவனுக்குப் பதினேழு. நான் வில்லில கதவு செய்யிற பக்டறி ஒண்டில வேலை, அங்க என்னோட வேலை செய்த சுவிஸ் பெடியன் ஒருத்தன் "உன்ர உடம்பு வீணாப் போகுது" எண்டு என்னை இந்த விளையாட்டுக்கு இழுத்திருந்தான். அந்தக் கோடையில ஊர்ச்சங்கத்தின்ர விளையாட்டுப் போட்டி நடந்தது. இவன்ர தாய் சாப்பாட்டுக் கடையில நிண்டு மீன் றோல்ஸ் வித்துக்கொண்டிருந்தா. கிறிக்கெட் பந்து ஒண்டு அந்தப் பக்கம் உருண்டு வர, இவன் ஒரு கையில கடிச்ச றோலை வைச்சுக்கொண்டு மற்றக் கையால எடுத்து எறிஞ்சான். பந்து மைதானத்தைக் குறுக்கறுத்துப் போய், மற்றத் தொங்கலில நிண்ட விக்கெட் காப்பாளரின்ர கைக்குள்ள விழுந்தது. அந்த மனுசன் கையை அசைக்கக்கூட இல்லை. இவன் அதைப் பாக்கவுமில்லை, றோலைச் சாப்பிட்டு முடிக்கிறதிலதான் கவனம்.

இவனை எங்கட விளையாட்டுக்குக் கூட்டிக்கொண்டு போகட்டோ எண்டு தாயிட்டப் போய்க் கேட்டன். அன்ரி மன்னார்ப் பக்கம், முதியோர் இல்லமொண்டில துப்புரவு வேலை. அவன்ர தகப்பன் தூரத்தில, சூக் நகரத்தில ஒரு ரெஸ்ரோறன்ற் குசினியில நிண்டவர், திங்கக்கிழமைதான் வீட்டில தங்குவார். அதால எல்லாத்துக்கும் அன்ரிதான்.

"தம்பி, இதில அடிபடாதோ?"

"எல்லாம் கவசம் போட்டுத்தான் அன்ரி."

"நீர் பாத்துக்கொள்ளுவீரோ?"

"ஓம் அன்ரி, நான் பக்கத்திலதானே நிப்பன்."

எவ்வளவு லேசாச் சொன்னன், பாருங்கோ. வாயால வாறதுதானே.

அவன்ர திறமையை எப்பிடிச் சொல்லுறதெண்டு எனக்குத் தெரியேல்லை. கை பலம் எண்டு சொல்லலாம், அது கன பேருக்கு இருக்கு. ஓட்டம் எண்டு சொல்லலாம், அப்ப அவனை ஒருதராலும் துரத்திப் பிடிக்க ஏலாது. எனக்குப் பெரிசாத் தெரிஞ்சது அவன்ர அவசரமில்லாத தன்மை. நாங்கள் எல்லாரும் மூச்சு வாங்கிக்கொண்டு, கண் இருண்டு, எவன் எங்க எண்டு தெரியாமல் பிடிபட்டுக்கொண்டு நிப்பம். அவன் அதுக்குள்ள பஸ்ஸுக்குக் காத்துக்கொண்டு நிக்கிறவன் மாதிரி நிப்பான். ஒருக்கா அட்லிஸ்வில் முருகன் கோயிலுக்கு என்னோட வந்தவன். வேதக்காரப் பெடியன், மாதா கோயிலுக்குப் போறவன், அன்னதானத்துக்காகத்தான் வந்தவன், ஒளிப்பானேன். திரும்பி வரேக்க எஸ்-பான் ரயில் ஒரு வளைவில ஆட, முன்னால இருந்த பொம்பிளையின்ர கையிலயிருந்து கோப்பிக் கப் நழுவினது. அவன் என்னோட கதைச்சுக்கொண்டே அதை எட்டிப் பிடிச்சு அவவிட்டக் குடுத்தான். கதையும் நிக்கேல்லை, கோப்பியும் சிந்தேல்லை.

மைதானத்தில அவனுக்கு ஒரு சொல் இருந்தது, "பொறு." வேற ஒருதருக்கும் சொல்லுறேல்லை, தனக்குத்தானே சொல்லுறது. தூரத்தில ஓடுற ஆள் வடிவா வெளிக்கும் மட்டும் பந்தை விடமாட்டான். நான் முன்னுக்கு ஒரு மலையோட மல்லுக்கட்டிக்கொண்டு நிப்பன், பின்னால மெல்லிசாக் கேக்கும், "பொறு... பொறு..." எண்டு. நான் மனசுக்குள்ள "எறியடா, நாசமாப் போனவனே, எறியடா!" எண்டு கத்துவன். அவனோ கடைசி நொடியிலதான் விடுவான். தலைக்கு மேலால பந்து போற சத்தம் கேட்டாப் பிறகுதான் எனக்கு மூச்சு வரும். ஒரு மட்ச்சில இப்பிடி அம்பது அறுபது தரம்.

முழங்கால் போனது மூண்டாம் வருச முடிவில. ஒருதரும் தொடேல்லை. ஈரப் புல்லில காலை ஊண்டித் திரும்பினான், உள்ளுக்குள்ள ஏதோ அறுந்தது. ஒப்பரேசன், ஊன்றுகோல், பயிற்சி எண்டு ஒன்பது மாதம். திரும்பி வந்தான். கை பழைய கைதான், கண் பழைய கண்தான், "பொறு"வும் அதே பொறுதான். அந்த அரையடிதான் இல்லை. சத்தம் அவனுக்கு இப்பவும் கேட்டிருக்கும், கால் வரேல்லை. முந்தி நான் விட்டால் அவன் தப்பினான். இப்ப நான் விட்டால் அவன் விழுந்தான். எனக்கும் அவனுக்கும் மட்டும் தெரிஞ்ச கணக்கு இது. அவன் ஒருநாளும் ஒரு வார்த்தை சொல்லேல்லை. விலா எலும்பு ஒண்டு வெடிச்சது, அது நான் விட்ட ஆள். தோள் ஒருக்கா விலகினது, அதுவும் நான் விட்ட ஆள்தான். ஒவ்வொரு தரமும் எழும்பி வந்து என்ர முதுகில ஒரு தட்டுத் தட்டுவான். அதுக்குப் பேசியிருக்கலாம், தூசணத்தால ஏசியிருக்கலாம். நான் நிம்மதியா நித்திரை கொண்டிருப்பன்.

இடப்பக்கம் அவன் அப்பவும் பாக்கேல்லை.

பிறகு அந்த மட்ச். ரெண்டாம் பாதியில ஒருத்தன் என்னைச் சுத்திக்கொண்டு போனான். நான் திரும்பிப் பாக்கேக்க இவன்ர தலை நிலத்தில அடிக்குது. எழும்பிட்டான், சனம் கைதட்டினது. அடுத்த ஆட்டத்துக்கு முன்னம் நாங்கள் வட்டமா நிக்க, அவன்தான் என்ன செய்யிறதெண்டு சொல்லவேணும். எப்பவும் டொச்சும் இங்கிலிஷும் கலந்துதான் சொல்லுவான். அண்டைக்குத் தமிழில சொன்னான். "நீ வலப்பக்கத்தால ஓடு, நீ நடுவால வா, நான் உனக்குத்தான் எறிவன்" எண்டு அந்தச் சுவிஸ் பெடியளைப் பாத்து வடிவான தமிழில சொல்லிக்கொண்டு போறான். அவங்கள் விழுந்து விழுந்து சிரிச்சாங்கள். அவன் சிரிக்கேல்லை. என்னைப் பாத்து, "அண்ணை, அம்மா வந்திட்டாவோ?" எண்டு கேட்டான். அன்ரி ஒருநாளும் மட்ச்சுக்கு வந்ததில்லை.

அந்த இடத்திலயே கையைத் தூக்கி, ஆட்டத்தை நிப்பாட்டுங்கோ எண்டு நான் கத்தியிருக்கவேணும். கத்தேல்லை. ரெண்டு நிமிசத்தில அவன் திரும்ப டொச்சுக்கு வந்திட்டான், நானும் சரியாப் போச்சுதெண்டு என்னை நானே ஏமாத்திக்கொண்டன். வீட்ட போகேக்க என்ர காரில சத்தி எடுத்தான். நேர ஆசுப்பத்திரிக்குக் கொண்டு போனன்.

அன்ரி வேலைச் சட்டையோடயே ஓடி வந்தா. டொக்டர் வயசான மனுசன், கதிரையை இழுத்துப்போட்டு இருந்து, பொறுமையா விளங்கப்படுத்தினார். அன்ரிக்கு வேலையிடத்து டொச் தெரியும், வாளி, துணி, கட்டில், காலை வணக்கம். டொக்டர் சொன்னது அதுக்குள்ள இல்லை. அவர் என்னைப் பாத்து, தாய்க்குச் சொல்லுங்கோ எண்டார். எங்கட பெடியள் எல்லாரும் சின்ன வயசிலயிருந்து செய்யிற வேலைதானே இது. பள்ளிக்கூடத்திலயும் கந்தோரிலயும் தாய் தேப்பனுக்கு மொழிபெயர்த்து மொழிபெயர்த்தே வளந்தனாங்கள். ரீச்சர் நாலு குறை சொன்னால் வீட்டுக்கு ஒண்டுதான் போகும். அந்தப் பழக்கம் கையோட வந்தது.

டொக்டர் சொன்னது இதுதான். மூளை குலுங்கியிருக்கு. தலையிடி முழுசா நிண்டு, திரும்பி வந்து தன்னட்டக் காட்டும் மட்டும் மைதானத்துப் பக்கமே போகக் கூடாது. அதுக்குள்ள இன்னொரு அடி விழுந்தால் மூளை வீங்கும், செத்தும் போகலாம். செத்தும் போகலாம் எண்டதை அவர் ரெண்டு தரம் சொன்னார்.

கட்டிலில கிடந்தவன் மெல்லத் தமிழில சொன்னான், "அண்ணை, எல்லாத்தையும் சொல்லாதேங்கோ. அம்மா பயந்திடுவா. நான் கவனமா இருப்பன்." ரெண்டு கிழமையில இறுதி மட்ச் இருந்தது. அது அவனுக்கும் தெரியும், எனக்கும் தெரியும்.

நான் அன்ரியிட்டத் திரும்பினன். "சின்ன அடிதான் அன்ரி. கொஞ்சம் ஓய்வெடுத்தால் சரியாம்."

அன்ரி டொக்டரைப் பாத்தா, பிறகு என்னைப் பாத்தா. "அந்த மனுசன் அவ்வளவு நேரம் கதைச்சவர். நீர் ரெண்டு வசனத்தில முடிச்சுப்போட்டீர்?"

"டொச் அப்பிடித்தான் அன்ரி. நீட்டி நீட்டித்தான் சொல்லுவாங்கள்."

அவ சிரிச்சா. ஐயோ, அந்தச் சிரிப்பு. தலையிலயிருந்து பாரம் இறங்கின ஆளின்ர சிரிப்பு. "மாதாவே" எண்டு நெஞ்சில சிலுவை போட்டுக்கொண்டு, நன்றி நன்றி எண்டு டொக்டரின்ர கையைப் பிடிச்சா. டொக்டருக்கு ஒண்டும் விளங்கேல்லை. இந்தளவு செய்தி கேட்ட தாய் ஏன் சிரிக்கிறா எண்டு அந்த மனுசன் என்னை ஒரு மாதிரிப் பாத்தார். நான் சுவரைப் பாத்தன்.

அந்த ரெண்டு கிழமையும் நான் பட்ட பாட்டை எதிரியும் படக் கூடாது. மூண்டு தரம் அவையின்ர வீட்ட போனன், அன்ரியிட்ட உண்மையைச் சொல்லுறதெண்டுதான். முதல் நாள் அவ புட்டும் மீன் குழம்பும் தந்தா, சாப்பிட்டுட்டு வந்திட்டன். ரெண்டாம் நாள் அவன் தாய்க்குப் பின்னால நிண்டு வேண்டாமெண்டு தலையாட்டினான். மூண்டாம் நாள் வாசல் மட்டும் போய், மணி அடிக்காமல் திரும்பினன். தலையிடி நிண்டிட்டுதோ எண்டு அவனைக் கேட்டால், "ஓம், அப்பவே நிண்டிட்டுது" எண்டுவான். சொல்லேக்க கண்ணைச் சுருக்கிக்கொண்டு, யன்னல் வெளிச்சத்துக்கு முதுகு காட்டிக்கொண்டு நிப்பான். ட்ரெய்னரிட்டயாவது சொல்லியிருக்கலாம். அதுக்கும் பயம். அவன் என்னை வெறுத்திடுவான் எண்ட பயம். எல்லாப் பயத்திலயும் கேடுகெட்டது அதுதான்.

இறுதி மட்ச்சுக்கு அன்ரியை நான்தான் வரச் சொன்னன். அவவைக் கண்டால் எனக்கு வாய் திறக்கும் எண்டு நினைச்சன். ஒரு தட்டு றோல்ஸும் கொண்டுதான் வந்தா, கிளப்புக்காரருக்குக் குடுக்க. கயித்துக்குப் பின்னால, குளிர்ச்சட்டையும் கைப்பையுமா நிண்டு எனக்குக் கை காட்டினா. எனக்கு வாய் திறக்கேல்லை.

மட்ச் துவங்கினது. எங்கட முறை வந்தது. நான் குனிஞ்சு நிக்கிறன், எனக்கு முன்னால நிக்கிறவன் ஒரு பூதம். இந்த விளையாட்டில ஒரு சட்டம் இருக்கு. பந்து கைமாற முன்னம் முன்வரிசையில நிக்கிற ஒருதரும் அசையக் கூடாது. அசைஞ்சால் விசில். அந்த ஆட்டம் துவங்கவே துவங்காது, எங்களை ஐஞ்சு யார்ட் பின்னுக்கு அனுப்பிப்போட்டுத் திரும்ப நிக்கச் சொல்லுவினம். நான் அசைஞ்சன். முதல் தரம் உண்மையாப் பயத்தில உடம்பு துள்ளினது. விசில் அடிச்சது, ஒருதரும் ஒருதரையும் முட்டேல்லை, அவன் பந்தைத் தொடவேயில்லை. கடவுளே, என்ன ஒரு நிம்மதி! ரெண்டாம் தரம் வேணுமெண்டே அசைஞ்சன். மூண்டாம் தரமும். எங்கட ஆக்கள் கத்தத் துவங்கிட்டாங்கள். நாலாம் தரம் நான் எழும்பியே நிண்டிட்டன். நான் அசைஞ்சுகொண்டே இருந்தால் இந்த மட்ச் நடக்கவே நடக்காது எண்டு ஒரு விசர் நினைப்பு.

ட்ரெய்னர் என்னை வெளிய இழுத்துப்போட்டு, என்ர இடத்துக்கு ஒரு மெல்லிசான மாணவப் பெடியனை அனுப்பினார். வட்டத்தில நிக்கேக்க இவன் அந்தப் பெடியனைக் கண்டான். எனக்கு எப்பவும் ஆட்டிற மாதிரியே அவனுக்கும் ஒரு தலையாட்டு ஆட்டினான். பிறகு போய்த் தன்ர இடத்தில நிண்டு நேர முன்னுக்குப் பாத்தான். அப்பதான் எனக்கு விளங்கினது, அவன் ஒருநாளும் என்னை நம்பிக்கொண்டு நிக்கேல்லை. அதில ஆர் நிண்டாலும் அவன் பாத்திருக்க மாட்டான். அவனுக்குப் பயப்படவே தெரியாது. அவன்ர பயத்தையும் சேர்த்து இத்தினை வருசம் நான்தான் பட்டிருக்கிறன்.

ஹெல்மெட்டைக் கழட்டி எறிஞ்சுபோட்டுக் கயித்தடிக்கு ஓடினன். "அன்ரி, அண்டைக்கு டொக்டர் சொன்னதை நான் முழுக்கச் சொல்லேல்லை." எல்லாத்தையும் சொன்னன். மூளை குலுங்கினது, விளையாடக் கூடாது, இன்னொரு அடி, வீங்கும், செத்தும் போகலாம். ரெண்டு தரம் சொன்னவர் எண்டதையும் சொன்னன்.

அன்ரி றோல்ஸ் தட்டை என்ர கையில தந்தா. கயித்துக்குக் கீழால குனிஞ்சு உள்ளுக்குப் போனா. கைப்பையைத் தோளில கொழுவிக்கொண்டு, புல்லுக்கு மேலால, மகனின்ர பெயரைக் கூப்பிட்டுக்கொண்டு நடந்து போறா. பெயரை இதில எழுத மாட்டன் எண்டு சொன்னனான். அண்டைக்கு அவ அதைக் கூப்பிட்ட மாதிரி எழுதவும் ஏலாது.

நடுவர்மார் ஒருதரும் அவவைக் காணேல்லை, பந்து கைமாறிட்டுது. அவன் பின்னுக்கு வாறான். நிக்கிறான். அவன்ர வாய் அசையிறது எனக்குத் தெரியுது, பொறு, பொறு. இடப்பக்கத்தால அந்தப் பூதம் மாணவப் பெடியனைத் தள்ளி விழுத்திப்போட்டு வாறான். இவன்ர கை முன்னுக்கு வீசினது, பந்து பறந்து போச்சுது. மைதானத்தில நிண்ட அவ்வளவு சனமும் தலையை அண்ணாந்து பந்தோட திரும்பினது. நானும் அன்ரியும் மட்டும் திரும்பேல்லை. அடி விழுந்ததை நாங்கள் ரெண்டு பேரும் பாத்தம். அந்தப் பக்கத்தில சனம் கைதட்டி விசிலடிச்சுத் துள்ளுது. இந்தப் பக்கத்தில அன்ரி ஓடுறா.

மூண்டாம் நாள் கண் முழிச்சான். ஆசுப்பத்திரியில நான் கிட்டப் போக, அன்ரி தன்ர உடைஞ்ச டொச்சில தாதியிட்டச் சொன்னா, "இவர் வேண்டாம். மொழிபெயர்க்க வேற ஆள் வேணும்." அதை மொழிபெயர்க்க எனக்கு ஒருதரும் தேவைப்படேல்லை. நான் கிளப்புக்கும் பிறகு போகேல்லை.

ரெண்டு வருசம் கழிச்சு, போன வசந்தத்தில, அன்ரி போன் எடுத்தா. "அவன் உம்மைக் கேக்கிறான். வாரும்." வேற ஒரு சொல்லும் இல்லை. வில் பழைய நகருக்குக் கீழ ஒரு குளம் இருக்கு, அதின்ர கரையில போட்டிருந்த மர வாங்கிலில அன்ரியும் அவனும் இருந்தினம். அவன் கறுப்புக் கண்ணாடி போட்டிருந்தான், வெளிச்சம் ஏலாதாம். அரைநாள் வேலைக்குப் போறானாம், பெட்டிக்குள்ள சாமான் அடுக்கிற வேலை. என்னைக் கண்டு சிரிச்சான். எழும்பினான். அந்த எழும்பிறதுக்கு அவன் எடுத்த நேரத்தில முந்தி அவன் மைதானத்தைக் கடந்திருப்பான்.

நான் இருக்க முன்னமே வாய் கொட்டினது. "அன்ரி, அண்டைக்கு டொக்டர் சொன்னதைச் சொல்லவேண்டாம் எண்டு கேட்டது இவன்தான்." ரெண்டு வருசமா எனக்குள்ள வைச்சுக்கொண்டு திரிஞ்ச ஒரே நியாயம் அதுதான்.

அவன் நெத்தியைச் சுருக்கிக் கன நேரம் யோசிச்சான். "நானோ கேட்டனான்?"

"நீதான். கட்டிலில கிடந்துகொண்டு."

"எனக்கு... தெரியேல்லை, அண்ணை. ஆசுப்பத்திரிக்குப் போனதே தெரியேல்லை."

நான் சொல்லுறது உண்மை எண்டு சொல்ல உலகத்தில ஒருத்தன்தான் இருந்தான், அவனும் இல்லையெண்டு ஆச்சு.

அன்ரி என்னைப் பாக்காமல் சொன்னா, "அவன் கேட்டிருப்பான். நான் பெத்த பிள்ளை, எனக்குத் தெரியாதோ. கேட்டாலும் நீர் சொல்லியிருக்கவேணும்."

"ஓம் அன்ரி" எண்டன்.

அவன் அதைக் காதில விழுத்தேல்லை. "அண்ணை, நான் கூப்பிட்டது வேற விசயத்துக்கு" எண்டு, ஒவ்வொரு சொல்லாத் தேடித் தேடி எடுத்துச் சொன்னான். "அந்தக் கடைசி எறி. கிளப் பெடியள் வந்தவங்கள். அப்பிடியொரு எறியைத் தாங்கள் காணேல்லையாம். கெதி கெதியாச் சொல்லுறாங்கள், எனக்கு இப்ப டொச் அவ்வளவு கெதியாப் பிடிபடுதில்லை. வீடியோவில பந்து வந்து விழுறது மட்டும்தான் இருக்கு. எனக்கு ஒண்டும் ஞாபகமில்லை. நீங்கள் தமிழில சொல்லுங்கோ, ஆறுதலா. எப்பிடிப் போனது? உயரமாப் போனதோ, தட்டையாப் போனதோ?"

நான் தண்ணியைப் பாத்தன். ஒரு பொய் சொல்லியிருக்கலாம், எனக்குப் பழக்கம்தானே. வாய் வரேல்லை.

"எனக்குத் தெரியாதடா."

"நீங்கள் அதிலதானே நிண்டனீங்கள்?"

"நிண்டனான். நான் பந்தைப் பாக்கேல்லை. உன்னைத்தான் பாத்துக்கொண்டு நிண்டனான்."

அவன் தாயின்ர பக்கம் மெல்லத் திரும்பினான். "அம்மா, நீங்கள்?"

அன்ரி தலையை ஆட்டினா, இல்லை எண்டு.

அவன் கண்ணாடியைக் கழட்டி, சட்டையில துடைச்சு, திரும்பப் போட்டான்.

"அப்ப எங்கட ஆக்களில ஒருதரும் பாக்கேல்லை" எண்டான்.